கருத்தடை கைக்கு எட்டுவதற்கு: இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

ஒரு நலவாழ்வு மையத்தின் அலமாரியில் மாத்திரை அட்டைகளும் ஆணுறைப் பெட்டிகளும் ஊசி மருந்தும் நிறைந்திருக்கலாம். அந்த அலமாரிக்குப் பத்தடி தொலைவில் உட்கார்ந்திருக்கும் பெண், வந்த காரணத்தைச் சொல்லாமலே எழுந்து போய்விடவும் கூடும். இந்தப் பணிக்கு வந்த புதிதில் அப்படியொரு காட்சியை நான் நேரில் பார்த்தேன். பதிவு மேசையில் இருந்தவர், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "என்னம்மா, எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "தலைவலிங்க" என்றார். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சில மாதங்கள் கழித்து, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தபோதுதான், அன்றைக்குக் கருத்தடை ஊசி கேட்க வந்ததாகச் செவிலியரிடம் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஏறத்தாழ 190 கோடிப் பெண்களில் 110 கோடிப் பேருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தேவை இருந்தது. அவர்களில் 87.4 கோடிப் பேர் நவீன முறைகளைப் பயன்படுத்தினர், 16.4 கோடிப் பேருக்கோ தேவை இருந்தும் அது நிறைவேறவில்லை. இந்தப் பெண்களிடம் காரணம் கேட்டால், "அப்படி ஒன்று இருப்பதே தெரியாது" என்று சொல்பவர்கள் குறைவு. பக்கவிளைவுகளைப் பற்றிய அச்சத்தையும், "எப்போதாவதுதானே, எதற்கு இதெல்லாம்" என்ற எண்ணத்தையும் சொல்பவர்களே மிகுதி. ஆகவே, பெட்டிகளைக் கூடுதலாக அனுப்புவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. செவிலியராகவோ ஆலோசகராகவோ தன்னார்வலராகவோ மைய நிர்வாகியாகவோ இப்பணிக்குப் புதிதாக வந்திருப்பவர், எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே கீழே தருகிறேன்.

முதல் படி: சட்டத்தையும் நோக்கத்தையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

எந்த வயதினர் தாமே ஒப்புதல் தரலாம், எந்தப் பணியாளர் எந்த முறையை வழங்கலாம், எந்த மருந்து மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்கும், கருக்கலைப்பு எந்தச் சூழலில் அனுமதிக்கப்படுகிறது என்ற நான்கும் நாட்டுக்கு நாடு மாறுபடும். இவற்றைப் பிறர் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டு நம்பாமல், எழுத்தில் உள்ளதை எடுத்துப் படியுங்கள். சட்டம் கேட்காத நிபந்தனையைச் சட்டத்தின் பெயரைச் சொல்லி மையமே விதித்துவைத்திருப்பது அரிதல்ல. கணவரின் கையெழுத்து அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைப் பெற்றோரே முடிவுசெய்வது அடிப்படை மனித உரிமை என்று 1968இல் தெஹ்ரானில் கூடிய பன்னாட்டு மாநாடு அறிவித்தது. 1994இல் கெய்ரோவில் 179 நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம், மக்கள்தொகை இலக்குகளைப் பின்னுக்குத் தள்ளி, தனிமனிதரின் உரிமையையும் உடல்நலத்தையும் முன்னால் வைத்தது. இது வெறும் வரலாறு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். "இந்த மாதம் இத்தனை பேர்" என்று பணியாளருக்கு இலக்கு வைத்தால், அவர் எந்த முறையால் தம் எண்ணிக்கை நிறையுமோ அதையே எல்லாருக்கும் சொல்லத் தொடங்குவார். அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் சில மாதங்களில் விலகுவதோடு, அக்கம்பக்கத்தாரையும் எச்சரித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் படி: வருபவரின் காலடியில் நடந்து பாருங்கள்

ஒரு நாள் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சேவை தேடி வருபவர் வரும் வழியில் நீங்களும் வாருங்கள். வாசலிலிருந்து மருந்து கைக்கு வரும்வரை எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, எத்தனை பேரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, எந்தெந்த இடத்தில் பேசுவது பிறர் காதில் விழுகிறது, எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசனை அறைக்குத் திரைச்சீலை இருந்தால் அதை மறைவு என்று எண்ணிக்கொள்கிறோம்; கண்ணுக்குத்தான் அது மறைவு, காதுக்கு இல்லை. பதிவு மேசையில் வாய்விட்டுக் கேட்பதற்குப் பதிலாக எண்ணிட்ட ஓர் அட்டையைக் காட்டி, "இதில் எதற்கு என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லும் ஏற்பாட்டுக்குச் செலவே இல்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணை அந்த ஓர் அட்டை உள்ளே அழைத்து வந்திருக்கும்.

மூன்றாம் படி: தேவையற்ற நிபந்தனைகளை நீக்குங்கள்

என் அனுபவத்தில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் படி இதுதான். ஆனால் பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பதால் மிகுந்த எதிர்ப்பைச் சந்திப்பதும் இதுதான். உங்கள் மையத்தில் ஒவ்வொரு முறைக்கும் முன்பு கேட்கப்படும் சோதனைகளையும் ஆவணங்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் "இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன தீங்கு?" என்று எழுதிப் பாருங்கள். கருத்தடை மாத்திரை தொடங்க இடுப்பறைப் பரிசோதனையோ (பிறப்புறுப்பு வழியாகக் கருப்பையைச் சோதிப்பது) மார்பகப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்களும் கலந்த கூட்டு மாத்திரைக்கு இரத்த அழுத்தம் பார்ப்பது பயனுள்ளது. கருப்பைக்குள் வைக்கும் கருவியான காப்பர் டி பொருத்துவதற்கு இடுப்பறைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். எந்த முறைக்கு எந்தச் சோதனை என்ற இந்த வேறுபாட்டைப் பணியாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

யாருக்கு எந்த முறை பொருந்தும் என்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் வெளியிட்டுவரும் மருத்துவத் தகுதி அளவுகோல் கையில் இருக்கட்டும். அது ஒவ்வோர் உடல்நிலையையும் ஒவ்வொரு முறையோடும் பொருத்திப் பார்த்து, தடையில்லை என்பதிலிருந்து பயன்படுத்தவே கூடாது என்பதுவரை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. 35 வயதைக் கடந்து தினமும் பல சிகரெட்டுகள் புகைப்பவர், கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர், மார்பகப் புற்றுநோய் உள்ளவர், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத பாலூட்டும் தாய் ஆகியோருக்குக் கூட்டு மாத்திரை கூடாது. ஆனால் குழந்தை பெறாதவர் என்பதோ வயது குறைந்தவர் என்பதோ மட்டும் காப்பர் டியை மறுக்கக் காரணமாகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவை மாத்திரையின் வலுவைக் குறைக்கும் என்பதால், "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்காமல் ஒருவரையும் அனுப்பாதீர்கள்.

இன்னொரு தடை "மாதவிடாய் வந்தபிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது. அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வரும்போது கருவுற்றிருப்பார்கள். கர்ப்பமில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்வதற்கு ஆறு கேள்விகளே போதும். கடந்த நான்கு வாரத்துக்குள் பிரசவம் ஆனதா. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுமையாகத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாய் இன்னும் திரும்பாமல் இருக்கிறதா. கடைசி மாதவிடாய்க்குப் பின் உடலுறவே இல்லையா. மாதவிடாய் தொடங்கி ஏழு நாளுக்குள் இருக்கிறதா. கருச்சிதைவோ கருக்கலைப்போ நடந்து ஏழு நாளுக்குள் இருக்கிறதா. நம்பகமான ஒரு முறையைத் தவறாமல் பயன்படுத்தி வருகிறாரா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்து, கர்ப்பத்தின் அறிகுறியும் இல்லையென்றால் அன்றைக்கே தொடங்கலாம். காப்பர் டி என்றால் அந்த ஏழு நாள் பன்னிரண்டாக நீளும். ஆறுக்கும் "இல்லை" என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஆணுறைகளைக் கையில் கொடுத்து, திரும்பி வரவேண்டிய நாளையும் குறித்துக்கொடுங்கள். எப்படியிருந்தாலும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

நான்காம் படி: தெரிவு அவருடையது, தகவல் உங்களுடையது

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லா முறைகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவது. கேட்பவருக்கு முதலாவதும் கடைசியும்தான் நினைவில் நிற்கும். அதற்கு மாறாக நீங்கள் கேட்கத் தொடங்குங்கள். அடுத்த குழந்தை வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது? முன்பு ஏதாவது பயன்படுத்தியிருக்கிறாரா, அதை ஏன் விட்டார்? மாதவிடாயின் ஒழுங்கு மாறினால் வீட்டில் சங்கடம் வருமா? யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமா? தினமும் நினைவு வைத்துக்கொள்ள முடியுமா? இந்த ஐந்து பதில்கள் கிடைத்தபின் இரண்டு மூன்று முறைகளைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசினால் போதும்.

எண்களைச் சொல்லுங்கள், ஆனால் விழுக்காட்டில் சொல்லாமல் ஆட்களாகச் சொல்லுங்கள். எந்த முறையும் இன்றி ஓராண்டு உடலுறவு கொள்ளும் நூறு பெண்களில் சுமார் 85 பேர் கருவுறுவார்கள். ஆணுறையை நடைமுறையில் மக்கள் பயன்படுத்தும் விதத்தில் பயன்படுத்தினால் 13 பேர், மாத்திரையால் 7 பேர், மூன்று மாத ஊசியால் 4 பேர். காப்பர் டி, கைத்தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட் ஆகியவற்றால் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால் மாத்திரையும் நூற்றுக்கு ஒருவருக்கும் கீழேதான் வரும். இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் மறதியும், அட்டை தீர்ந்துபோவதும்தான். ஆகவே மாத்திரை கேட்பவருக்கு ஓராண்டுக்கு வேண்டிய அட்டைகளை ஒரேயடியாகக் கொடுப்பது, மாதாமாதம் வரச்சொல்வதைவிட மேலானது. அட்டையை அவர் கையில் கொடுத்து, "இன்றைக்கு எதைச் சாப்பிடுவீர்கள், நாளைக்கு எதை?" என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்றைச் சாப்பிட்டு, தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டு முடிக்கும்வரை ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பதை அவர் தம் வாயால் திருப்பிச் சொல்லட்டும். எந்த முறையைத் தேர்ந்தாலும், எச்ஐவி உள்ளிட்ட பால்வினைத் தொற்றுகளைத் தடுப்பது ஆணுறையும் பெண்ணுறையும் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அச்சங்களைச் சிரித்து ஒதுக்காதீர்கள். ஊசி போட்டபின் மாதவிடாய் நின்றுவிட்டால் "கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடும்" என்பது பரவலான பயம். கருப்பையின் உட்பூச்சு தடிக்காமல் மெல்லியதாகவே இருப்பதால் வெளியேற ஒன்றும் சேர்வதில்லை என்று ஒரு படம் வரைந்து சொன்னால் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். காப்பர் டி மேலேறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று அஞ்சுபவரிடம், கருப்பை ஒரு மூடிய பை என்று விளக்குவதோடு, பொருத்தும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்வதுண்டு என்ற உண்மையையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசியை நிறுத்தியபின் மறுபடி கருத்தரிக்க, மற்ற முறைகளைவிடச் சில மாதங்கள் கூடுதலாகும் என்பதும் அப்படித்தான். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவருக்கு அதை முன்பே சொல்லாவிட்டால் அது ஏமாற்றுவதற்குச் சமம்.

ஐந்தாம் படி: திரும்பி வருபவரையும் வரவேற்கத் தயாராகுங்கள்

தொடங்குவதற்கு எளிதாகவும் நிறுத்துவதற்குக் கடினமாகவும் உள்ள சேவையை நான் சேவை என்று எண்ணுவதில்லை. ஒரு மையத்தில் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பெண் ஒருவர், விட்டுவிட்டு வரும் உதிரப்போக்கு பொறுக்காமல் எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை வந்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார்கள் முதல் முறை. எடுக்கத் தெரிந்தவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள் இரண்டாம் முறை. மூன்றாம் முறை எடுத்தார்கள். அதற்குள் அவருடைய தெருவில் வேறு யாரும் அந்த முறையைப் பற்றிக் கேட்கக்கூட விரும்பவில்லை. வைக்கப் பயிற்சி தரும்போதே எடுக்கவும் பயிற்சி தருவது, எடுக்கக் கேட்டால் அன்றைக்கே எடுத்துக் கொடுப்பது, எடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் விதியாக்கிவிடுங்கள்.

பக்கவிளைவை முன்கூட்டியே கேள்விப்பட்டவர் அது வரும்போது பதறுவதில்லை. இம்பிளான்டாலும் ஊசியாலும் உதிரப்போக்கின் ஒழுங்கு மாறும்; காப்பர் டி வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் போக்கும் வலியும் கூடலாம், அதற்கு ஐபுப்ரோஃபென் போன்ற மருந்து உதவும். பொறுக்க முடிந்த தொல்லையையும் உடனே ஓடிவர வேண்டிய அறிகுறியையும் பிரித்துக் காட்டுங்கள். கூட்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு காலில் மட்டும் கடும் வலியும் வீக்கமும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கலோடு வரும் கடுந்தலைவலி ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. முறையை மாற்றிக்கொள்ள வருபவர் தோற்றுப்போய் வரவில்லை. அவருக்கு அடுத்த முறையை அன்றே தொடங்கிக் கொடுங்கள், இடையில் ஒரு நாளும் பாதுகாப்பின்றிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கையிருப்பைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள்

இது மருத்துவம் படித்தவர்கள் அலட்சியப்படுத்தும் பகுதி. ஆறு மாதத்தில் 240 ஊசி செலவானால் மாதச் சராசரி 40. அலமாரியில் 80 இருந்தால் இரண்டு மாதத்துக்கு வரும். கேட்டு வந்துசேர மூன்று மாதம் ஆகும் என்றால், நிறைந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் தட்டுப்பாட்டுக்குள் போய்விட்டீர்கள். அந்த ஆறில் இரண்டு மாதம் ஊசியே இல்லாமல் இருந்திருந்தால் உண்மையான தேவை மாதம் 60. இருப்பு இருந்த நான்கு மாதத்தால் மட்டுமே வகுக்க வேண்டும். முதலில் காலாவதியாவதை முதலில் கொடுங்கள். ஆணுறைப் பெட்டிகளை வெயிலும் வெப்பமும் படாமல் வையுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள எதையும் லேடெக்ஸ் ஆணுறையோடு பயன்படுத்தக் கூடாது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

ஏழாம் படி: கொடுக்கும் கைகளைப் பெருக்குங்கள்

மருத்துவர் வரும் நாள்தான் சேவை நாள் என்று இருந்தால், மற்ற நாட்களில் கதவு மூடியிருக்கிறது என்று பொருள். தக்க பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவச்சியும் இம்பிளான்டும் காப்பர் டியும் பொருத்தலாம். பயிற்சி பெற்ற சமூக நலப் பணியாளர், தக்க கண்காணிப்போடு, ஊசி போடலாம். தோலுக்கடியில் போடும் வகை ஊசியைப் பெண்களே தமக்குத்தாமே போட்டுக்கொள்ளவும், மாத்திரைகள் மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்கவும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட சுயபராமரிப்பு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் தினசரிக் கருத்தடை மாத்திரை ஒன்று சீட்டின்றி விற்க அனுமதி பெற்றது 2023இல்தான். உங்கள் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அந்த எல்லைவரை துணிந்து போங்கள்.

அவசரக் கருத்தடையை மட்டும் வரிசையில் காக்க வைக்காதீர்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரையைப் பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் சாப்பிடலாம் என்றாலும் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அதன் பலனைக் குறைக்கும்; சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று வேண்டும். ஐந்து நாளுக்குள் பொருத்தும் காப்பர் டி எல்லாவற்றிலும் வலுவானது, அதன்பின் தொடர்ந்தும் காக்கும். இந்த மாத்திரை உருவாகிவிட்ட கருவைக் கலைப்பதில்லை என்பதை மருந்துக்கடைக்காரர் உட்பட அனைவருக்கும் விளக்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: விடுபட்டவர்களைத் தேடுங்கள்

பாலூட்டாத தாய்க்கு, பிரசவமான நான்கு வாரத்திலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பலாம். கருச்சிதைவுக்குப் பின் இரண்டு வாரமே போதும். எனவே பிரசவ அறையிலும் கருச்சிதைவு சிகிச்சை அறையிலும் கருத்தடை பற்றிப் பேசுவதும், விரும்புபவருக்கு வீடு திரும்புமுன் கொடுத்தனுப்புவதும் வேண்டும். ஆனால் வலியின் நடுவே கையெழுத்து வாங்காதீர்கள். பேச்சைக் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே தொடங்கிவிட வேண்டும். திருமணமாகாத இளையோர் வரும்போது முகம் சுளிக்காத ஒரு பணியாளரை அந்த வேளைக்கு அமர்த்துங்கள். ஆண்களுக்கு மாலை நேரமும் தனி வாசலும் இருந்தால் வருவார்கள். வாசெக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் தெளிவாகும்வரை வேறு முறையைத் தொடர வேண்டும் என்பதை எழுதியே கொடுங்கள். கருத்தடைக்கு வந்தவரிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, பால்வினைத் தொற்றுச் சிகிச்சை, குழந்தையின்மை பற்றிய ஆலோசனை ஆகியவையும் இங்கே உண்டு என்று சொல்லிவைப்பது நல்லது; அவர் அதற்காக இன்னொரு நாள் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: வாசலில் நின்று கேளுங்கள்

எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற பதிவேடு மேலதிகாரிக்கு வேண்டியது. உங்களுக்கு வேண்டியது, வெளியே போகும் பத்துப் பேரிடம் மாதம் ஒரு முறை கேட்கும் நான்கு கேள்விகள். வேறு முறைகளும் உண்டு என்று சொன்னார்களா? என்ன பக்கவிளைவு வரலாம் என்று சொன்னார்களா? வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்களா? கேட்பவர் அந்த அறையில் ஆலோசனை தந்தவராக இருக்கக் கூடாது. நான்குக்கும் "ஆம்" என்பவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள். முதல் மாதம் அந்த எண் தலைகுனிய வைக்கும், வைக்கட்டும். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கட்டும்: இம்பிளான்டையோ காப்பர் டியையோ எடுத்துவிடச் சொல்லி வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். மூன்று மாதம் கழித்து அடையாள அட்டையை மறுபடி கழற்றி வைத்துவிட்டு, பதிவு மேசையின் முன் வரிசையில் போய் நில்லுங்கள்.